துப்பறியும் கதைக்குள் இயற்கை: எட்டு வயதுக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது?

மழைத்துளி:
வணக்கம். எட்டு வயதாகும் என் மகள், பத்துப் பன்னிரண்டு அத்தியாயங்கள் கொண்ட சிறுவர் நாவல்களைத் தானாகவே படிக்கத் தொடங்கியிருக்கிறாள். மர்மக் கதை என்றால் ஒரே மூச்சில் முடித்துவிடுவாள்; ஆனால் கொலை, கடத்தல் என்று வந்துவிட்டால் இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை. ஆகவே பறவை, பூச்சி, மரம் ஆகியவற்றைச் சுற்றி அமைந்த மென்மையான மர்மக் கதைகளைத் தேடுகிறேன். சென்ற வாரம் வாங்கிய ஒரு நூலில், ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் இயற்கைச் செய்திகளைக் கட்டம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் அந்தக் கட்டங்களை ஒன்றுவிடாமல் தாண்டிப் போகிறாள். கேட்டால், “அது பாடம், அம்மா” என்கிறாள். நல்ல நூலை வாங்கும் முன்பே இனங்காண வழி உண்டா?

நெல்மணி:
பள்ளி நூலகத்தில் பணிபுரிகிறேன். உங்கள் மகள் சொன்னதுதான் சரி. கடையிலேயே ஓர் அத்தியாயத்தைப் பிரித்து, கட்டங்களைக் கையால் மறைத்துக்கொண்டு கதையை மட்டும் படித்துப் பாருங்கள். அப்போதும் ஓர் உயிரினத்தைப் பற்றி ஏதேனும் தெரிந்துகொண்டீர்கள் என்றால் வாங்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பழைய நெல் கிடங்கில் இரவில் யாரோ சீறுவதுபோல் ஒலி கேட்கிறது; சாக்குருவி, அந்தப் பக்கம் போகாதீர்கள் என்கிறார் பாட்டி. காலையில் உத்தரத்துக்குக் கீழே கிடக்கும் கருத்த உருண்டையைப் பிள்ளைகள் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால், உள்ளே எலியின் தாடையெலும்பும் முடியும் இருக்கின்றன. எலியை முழுதாக விழுங்கும் கூகை என்ற ஆந்தை, செரிக்காத எலும்பையும் முடியையும் இப்படி உருட்டிக் கக்கிவிடும் என்பது தெரிந்தவுடன், பாட்டியின் சாக்குருவி கிடங்கின் காவலாளி ஆகிவிடுகிறது. இதில் குற்றவாளி என்று யாரும் இல்லை; எட்டு வயதுக்கு அதுவே போதுமான மர்மம்.

கூழாங்கல்:
சிறுவர்களுக்காக எழுத முயல்பவன் என்ற முறையில், நான் மனத்தில் போட்டு வைத்திருக்கும் ஒரு கருவைச் சொல்கிறேன். ரோஜாச் செடியின் இலை ஓரங்களில், சட்டைப் பொத்தானை வைத்து வெட்டியதுபோல் வழவழப்பான வளைவுகள் தோன்றுகின்றன. கம்பளிப்புழுவோ வெட்டுக்கிளியோ கடித்திருந்தால் ஓரம் பிசிறாக இருக்கும். புழுவாக இருந்தால் கீழே எச்சமும் கிடக்கும். அடுத்த சந்தேகம் கத்தரிக்கோல் வைத்திருக்கும் தம்பியின்மீது விழுகிறது. நண்பகல் வெயிலில் செடியருகே காத்திருந்தால்தான் உண்மை தெரிகிறது: ஒரு தேனீ இலையை நறுக்கி, துண்டைச் சுருட்டிக் கால்களில் இடுக்கிக்கொண்டு, சுவரில் இருக்கும் பழைய ஆணித் துளைக்குள் நுழைகிறது. இலைவெட்டித் தேனீ கூட்டமாக வாழ்வதில்லை. நீள்வட்டத் துண்டுகளால் அறையின் சுவரையும் வட்டத் துண்டுகளால் மூடியையும் அமைத்து, அறைக்கு ஒன்றாக, மகரந்தமும் தேனும் கலந்த உணவின்மீது முட்டை இடுகிறது. இலையைத் தின்பதே இல்லை. அந்த ஆணித் துளையை இரண்டாம் அத்தியாயத்திலேயே, வேறு ஏதோ காரணத்துக்காகச் சொல்வதுபோல் சொல்லி வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் படிக்கும் குழந்தை ஏமாற்றப்பட்டதாக உணரும்.

குருவிக்கூடு:
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் தகவல் சரியா என்பதையும் பார்க்க வேண்டும். தூக்கணாங்குருவி தன் கூட்டின் உட்புறம் ஈரமண்ணை ஒட்டுவது உண்மை. அதில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றுகிறது என்பது உறுதிசெய்யப்படாத நம்பிக்கை. அதையே மர்மத்தின் விடையாக வைத்தால் கதை அழகாக முடியும். குழந்தை மட்டும் தவறான செய்தியோடு எழுந்து போகும். இன்னொன்று, மொழிபெயர்ப்பு நூல்களில் வரும் பேட்ஜர் என்ற வளைதோண்டும் விலங்கை நம் பிள்ளைகள் எங்கே போய்ப் பார்ப்பார்கள்? தெருமுனையில் சரிபார்க்க முடிகிற கதைக்கே என் ஓட்டு.

மழைத்துளி:
அனைவருக்கும் நன்றி. கூழாங்கல் ஐயாவின் பதிலை மகளிடம் படித்துக் காட்டினேன். தேனீ வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டேன். எங்கள் மாடித் தொட்டியில் இருக்கும் ரோஜாவின் இலைகளிலும் அப்படி ஏழு வெட்டுகள் இருக்கின்றன. பூச்சி என்று நினைத்து மருந்து அடிக்க இருந்தேன், அதை ஒத்திவைத்துவிட்டேன். அவள் இப்போது தம்பியின் கத்தரிக்கோலை ஒளித்து வைத்துவிட்டு, குடையோடு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.