படம் பாத்துட்டு புத்தகம் தேடிப் போன அனுபவம் இருக்கா? சொல்லுங்க

படம் பாத்துட்டு அதோட மூலக்கதைய தேடிப் படிச்சவங்க, யாரு சொல்லி படிச்சீங்கன்னும் சேத்து எழுதுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

2019ல அசுரன் வந்தப்ப மதுரைல செகண்ட் ஷோ போயிருந்தேன். பக்கத்து சீட்ல ஒரு பெரியவர், 65 வயசு இருக்கும், தனியா வந்திருந்தாரு. இடைவேளைல ஃப்ரெண்டுக்கு போன் போட்டு தனுஷ் பின்னிட்டாருடான்னு சொல்லிட்டு வெச்சேன், அவரு என் பக்கம் திரும்பி "தம்பி வெக்கை படிச்சிருக்கீகளா"ன்னாரு. இல்லைங்கய்யான்னேன். "படிங்க, நான் கோவில்பட்டி பக்கந்தான், எங்க காட்டு வெயிலு அப்படியே அதுல இருக்கு"ன்னாரு, அவ்ளோதான், படம் முடிஞ்சதும் கூட்டத்துல ஆளக் காணோம்.

அடுத்த வாரமே வாங்கிட்டேன். அசுரனோட மூலக்கதையே அதுதான், பூமணி 1982ல எழுதுன நாவல். படத்துல ஃப்ளாஷ்பேக் வந்ததும் கதை அப்பா கைக்குப் போயிரும்ல, நாவல்ல அப்படி இல்ல, கடைசி வரைக்கும் அந்த 15 வயசு சிதம்பரம் கூடயேதான் நாமளும் ஓடுறோம். அண்ணனக் கொன்னவன வெட்டிட்டு அய்யாவோட காட்டுலயும் மலையிலயும் ஒளிஞ்சு திரியுறான், மொத்தமே எட்டு நாள் கதைதான். சண்டைய எதிர்பாத்துப் போனா ஏமாந்துருவீங்க. கெடச்சத ஆக்கித் தின்னுக்கிட்டு, வீட்டுல ஆத்தா என்ன பாடு படுறாளோன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு பேரும் பேசுறாங்க பாருங்க, எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்து மூடி வெச்சிட்டு அவருக்கு போன் பண்ணேன். கோவில்பட்டி பக்கத்து கரிசல் பேச்சு பழகாதவங்களுக்கு மொத 20 பக்கம் கஷ்டமா இருக்கும், விட்றாதீங்க. அந்தப் பெரியவர எங்கயாச்சும் பாத்தா படிச்சிட்டேன்யான்னு சொல்லணும்.

* * *

அண்ணா நீங்க எழுதுனத படிச்சதும் நானும் எழுதணும்னு தோணுச்சு. எனக்கு கைகாட்டுனது எங்கம்மாதான். ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுல படுத்திருந்தப்ப என்னம்மா பாக்குறன்னு கேட்டேன், உதிரிப்பூக்கள் போடுன்னாங்க. 1979ல வந்த படம், அவங்க சின்னப் புள்ளையா இருக்கும்போது டூரிங் கொட்டாய்ல பாத்தது. எனக்கு அதோட டைரக்டர் மகேந்திரன்னா முள்ளும் மலரும் மட்டுந்தான் தெரியும். சரின்னு லேப்டாப்ல போட்டு ரெண்டு பேரும் பாத்தோம், புருசனா வர்ற விஜயன் சத்தமே போடாம பேசிப் பேசியே பொண்டாட்டிய நோகடிக்கிறது இருக்கே, அந்த மாதிரி ஒரு ஆள நான் சினிமால பாத்ததே இல்ல. அழகிய கண்ணே பாட்டு வந்தப்ப அம்மா கண்ண மூடிக்கிட்டாங்க. கடைசி ஆத்தங்கரை சீன் என்னன்னு சொல்ல மாட்டேன், பாக்காதவங்க பாத்துக்கோங்க, ஆனா அந்த ரெண்டு புள்ளைங்கள பாக்க முடியாம அம்மா செவுத்து பக்கம் திரும்பி படுத்துட்டாங்க.

புதுமைப்பித்தனோட சிற்றன்னைதான் மூலம்னு அப்புறமா தெரிஞ்சு தேடுனேன். அவரு எழுத்து நாட்டுடைமை ஆனதால இணையத்துலயே இலவசமா கெடைக்குது. படத்துக்கும் அதுக்கும் பெருசா ஒத்துமை இல்ல, மகேந்திரன் விதைய மட்டும் எடுத்துட்டு வேற மரம் வளத்திருக்காரு. அம்மாவுக்கு கண்ணு கஷ்டம்னு நானே வாசிச்சுக் காட்டுனேன், தினம் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமா. நாலாவது நாளோ என்னவோ, அம்மா திடீர்னு "எங்க சின்னம்மா அப்படி இல்ல, எனக்கு தல பின்னி விடும்"னாங்க. அம்மாவ வளத்தது சித்தின்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்! 30 வருசமா ஒரே வீட்டுல இருக்கோம். புத்தகத்த வெச்சிட்டு ராத்திரி வரைக்கும் அவங்க சின்னம்மா கதையத்தான் கேட்டேன்.

* * *

என்னோடது சின்னதுதான். சொல்ல மறந்த கதை, 2002, தங்கர் பச்சான் படம், சேரன் நடிச்சது. நாஞ்சில் நாடனோட மொத நாவல் தலைகீழ் விகிதங்கள்தான் அது, 1977ல வந்தது. படிச்ச ஏழைப் பையன் வசதியான வீட்டுல பொண்ணு கட்டிட்டு, மாமனார் வீட்டுல மரியாதை இல்லாம படுற பாடு. எங்கண்ணனும் மாமனார் கடைலதான் இருந்தான், வாயத் தொறந்து எதுவும் சொல்ல மாட்டான், நானா கேக்கவும் முடியாது. பொங்கலுக்கு வந்தப்ப சும்மா படிச்சுப் பாருண்ணேன்னு புத்தகத்த அவன் பையில போட்டு விட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு ராத்திரி 11 மணிக்கு போன். "பாதி படிச்சிருக்கேன்டா"ன்னான், அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல, நானும் வெக்கல. பெறகு அவனே பேச ஆரம்பிச்சான், ஒன்றரை மணி நேரம். இப்ப தனியா கடை வெச்சிருக்கான், அது இதனாலன்னு நான் சொல்லல, அது அவன் ஒழைப்பு. புத்தகத்த மட்டும் இன்னும் திருப்பித் தரல. நான் வேற ஒண்ணு வாங்கிக்கிட்டேன்.