ஏடிவிக்கு டிராக் போடுவதா, செயின் போதுமா? பனி தள்ளவும் வேண்டும், விறகு இழுக்கவும் வேண்டும்

வடக்குவாசி:

வணக்கம். போன வருடம் கனடாவின் ஒன்டாரியோவில் பிராம்டனை விட்டு சட்பரிக்கு வடக்கே ஒரு வீட்டுக்கு வந்துவிட்டோம். சாலையிலிருந்து வாசல் வரை 220 மீட்டர் சரளைப் பாதை, கடைசி 60 மீட்டர் நல்ல ஏற்றம். பின்னால் 18 ஏக்கர் காடு, பெரும்பாலும் மேப்பிளும் பிர்ச்சும். வீட்டுக்குச் சூடு முக்கியமாக விறகு அடுப்பிலிருந்துதான், அதனால் குளிர்காலத்திலேயே மரம் வெட்டி இழுத்து வந்துவிட நினைக்கிறேன். வெட்டுகிற இடத்துக்கும் விறகுக் கொட்டகைக்கும் 600 மீட்டர் இருக்கும். நடுவில் ஒரு சதுப்பு, கோடையில் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும்.

கையில் இருப்பது 570 சிசி ஏடிவி (காடுமேட்டில் ஓட்டுகிற நாலு சக்கர மோட்டார் வண்டி), நாலு சக்கர டிரைவ், பெல்ட் வகை (கியர் தானாக மாறும்), பழையதாக வாங்கியது. பனி தள்ளுகிற 60 அங்குல பிளேடும் 2500 பவுண்டு வின்ச்சும் (கம்பியைச் சுற்றி இழுக்கிற மோட்டார்) கூடவே வந்தன. போன சீசனில் ஏற்றத்தில் நாலு டயரும் வழுக்கின. அரை மணி நேரம் தள்ளினால் பேட்டரி இறங்கிப் போய் வின்ச் பிளேடைத் தூக்காது. −28 டிகிரியில் ஒரு காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவே இல்லை, பிள்ளைகளின் பள்ளி பஸ் போய்விட்டது.

சக்கரங்களைக் கழற்றிவிட்டு நாலு பக்கமும் ரப்பர் டிராக் (டாங்கிக்கு இருப்பது மாதிரி பட்டை) போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். பல ஆயிரம் டாலர் வேலை, அதனால் செய்துபார்த்தவர்களிடம் கேட்காமல் இறங்க மனம் வரவில்லை.

பழைய ஸ்பானர்:

தம்பி, பனி தள்ள டிராக் வேண்டாம். நான் டிமின்ஸ் பக்கம், பன்னிரண்டு குளிர்காலமாக ஏடிவியில்தான் பாதை திறக்கிறேன். டிராக் போட்டால் வண்டி சில அங்குலம் உயர்ந்துவிடும், பிளேடு தரையைத் தொடுகிற கோணம் மாறும், அதைச் சரிக்கட்டத் தனியாக பிராக்கெட் வாங்க வேண்டும். ஸ்டீயரிங் கனக்கும், வேகம் குறையும், ஆக்ஸிலுக்கும் பேரிங்குக்கும் கூடுதல் பாரம். இடுப்பளவு புதுப்பனியில், பாதையே இல்லாத காட்டுக்குள் தினமும் போகிறவருக்கு டிராக் தங்கம்தான். உங்கள் நிலைமை அது இல்லை.

டயரில் மாட்டுகிற செயின் வாங்குங்கள். சரளைப் பாதை என்பதால் வி-பார் (கண்ணிகளில் V வடிவ இரும்புத் துண்டு) வைத்ததே போடலாம், ஐஸில் நன்றாகக் கடிக்கும். முதலில் பின்சக்கரங்களுக்கு. முன்னாலும் போடுவதென்றால் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, செயின் பிரேக் ஹோஸிலோ சிவி பூட்டிலோ (ஆக்ஸில் மூட்டின் ரப்பர் உறை) உரசுகிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். போடும்போது டயரில் காற்றைப் பாதி இறக்கி, செயினை இறுக்கி மாட்டி, அப்புறம் காற்றை ஏற்றினால் அதுவே விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு இறங்கி இன்னொரு முறை இறுக்குங்கள். அந்த ஒரு நிமிடத்தைச் சோம்பலில் விட்டுவிட்டுத்தான் பலர் ஃபெண்டரைக் கிழித்துக்கொள்கிறார்கள். பின் ராக்கில் (சாமான் தாங்கியில்) மணல் மூட்டை ஒன்றிரண்டு கட்டுங்கள், ராக் எவ்வளவு தாங்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு. ஏற்றம் ஐஸாகிவிட்டால் அந்த மணலையே தூவலாம்.

பேட்டரி விஷயம். பனி தள்ளும்போது இன்ஜின் குறைந்த சுற்றில்தான் ஓடுகிறது, அந்த நேரத்தில் ஸ்டேட்டர் (இன்ஜினில் மின்சாரம் தயாரிக்கிற பகுதி) கொடுக்கிற மின்சாரமும் குறைவு. ஆனால் நிமிடத்துக்கு ஒருமுறை வின்ச் இழுக்கிறது, கைப்பிடி ஹீட்டர் எரிகிறது, லைட் எரிகிறது. வரவைவிடச் செலவு அதிகம், அரை மணியில் இறங்கிவிடாமல் என்ன செய்யும்? ஹாண்டில்பாரில் ஒரு சின்ன வோல்ட்மீட்டர் வைத்துவிட்டால் எப்போது கைப்பிடி ஹீட்டரை அணைக்க வேண்டும் என்று தெரியும். பிளேடைத் தேவைக்கு மேல் தூக்காதீர்கள், நாலு அங்குலம் எழும்பினால் போதும். இரவில் மெயின்டெய்னர் சார்ஜரில் (சார்ஜ் இறங்காமல் மெதுவாகப் பார்த்துக்கொள்கிறது) போட்டுவையுங்கள். −18 டிகிரியில் பேட்டரியின் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும், அதோடு சார்ஜ் முழுக்க இறங்கிய பேட்டரி −10 வாக்கிலேயே உறைந்துவிடும். உறைந்ததற்கு இன்னொரு பேட்டரியிலிருந்து ஜம்பர் கொடுக்கவே கூடாது, வெடிக்கலாம். எடை குறைவு என்று லித்தியம் பேட்டரிக்கு மாறாதீர்கள், அதைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல் கெட்டுவிடும். நல்ல ஏஜிஎம் பேட்டரி (மூடிய ஈய-அமில வகை) போதும்.

ஸ்டார்ட் ஆவதற்கு: ஆயில் பானின் அடியில் ஒட்டுகிற ஹீட்டர் பேட் கிடைக்கிறது, புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு டைமரில் வைத்துவிடுங்கள். கையேடு அனுமதித்தால் சீரோ-டபிள்யூ (0W, கடுங்குளிரிலும் இளகியிருக்கிற) ஆயில் ஊற்றுங்கள். சாவி போடும் முன் கட்டைவிரல் த்ராட்டிலை அமுக்கி விடுங்கள், அது டக்கென்று திரும்பி வர வேண்டும். உள்ளே ஈரம் புகுந்து உறைந்திருந்தால் திறந்தபடி நின்றுவிடும், கேரேஜ் சுவரில் போய் மோதிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

பிளேடைத் தூக்குகிற எஃகுக் கம்பி எப்போதும் ஒரே இடத்தில் மடிந்து மடிந்து அறும். அந்தக் கடைசித் துண்டுக்கு நைலான் பட்டை போடுங்கள், இன்னொன்றைச் சட்டைப் பையில் வையுங்கள். முதல் ஒன்றிரண்டு பனியை அப்படியே மிதித்து இறுக விட்டால், அதற்கு மேல் தள்ளும்போது சரளைக்கல் பிளேடோடு வராது. டிசம்பரிலேயே ஓரத்துக்கு அப்பால் நன்றாகத் தள்ளி வையுங்கள், பக்கத்து மேடு கல்லாக உறைந்துவிட்டால் பிப்ரவரியில் கார் நுழைய இடம் இருக்காது. சாலைக்குக் குறுக்கே மட்டும் தள்ளாதீர்கள், ஒன்டாரியோவில் அது சட்டப்படி குற்றம்.

தண்டர்பே அக்கா:

ஸ்பானர் அண்ணா சொன்னது எல்லாம் சரி, பனி தள்ளுகிற பாதிக்கு. விறகு இழுக்கிற பாதிக்கு நான் சொல்கிறேன், வருடத்துக்கு ஆறு புஷ் கார்ட் (ஒன்று 4×4×8 அடி விறகு அடுக்கு) நாங்கள் இதே மாதிரி வண்டியில்தான் கொண்டுவருகிறோம்.

தம்பி, வண்டிக்குச் செலவழிக்கும் முன் வழியைத் தயார் செய்யுங்கள். மாலையில் வெறும் வண்டியில், அந்த 600 மீட்டரையும் போய்ப்போய் வந்து பனியை மிதித்து இறுக்குங்கள். முதல் தடவை சிக்கும், பின்னால் எடுத்து மறுபடி போங்கள். பிறகு அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். இரவு −20 அடித்தால் காலையில் அது நடைபாதை மாதிரி கெட்டியாகக் கிடக்கும், பூட்ஸ் குதிகாலால் இடித்தால் டக் டக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தபின்தான் பாரம் ஏற்ற வேண்டும். மிதித்த அன்றே இழுத்தால் சக்கரம் உள்ளே போய் வழியும் கெடும். ஒருமுறை அமைந்துவிட்டால் ஒவ்வொரு பனிக்கும் பிறகு ஒரே ஒரு சுற்று போதும்.

சதுப்புக்கும் இதேதான். மேலே கிடக்கும் புதுப்பனி கம்பளி மாதிரி, கீழே குளிர் போக விடாது. அதை மிதித்து அழுத்திவிட்டால் உறைபனி ஆழமாக இறங்கும். நாங்கள் ஜனவரி முதல் வாரம் வரை சதுப்பைத் தாண்டுவதில்லை, அப்போதும் கோடாரியால் நாலைந்து இடத்தில் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான். ஓடுகிற தண்ணீர் எங்காவது இருந்தால் அந்த இடத்தை நம்பாதீர்கள், வெள்ளையாகத் தெரிகிற ஐஸுக்குத் தெளிந்த ஐஸின் பாதி பலம்தான்.

பாரத்துக்குச் சக்கர டிரெய்லர் வேண்டாம், அடியில் பாலிஎத்திலீன் போட்ட ஸ்லெட் (சக்கரமில்லாத சறுக்குவண்டி) எடுங்கள். பச்சை மேப்பிள் ஒரு புஷ் கார்ட் நாலாயிரம் பவுண்டைத் தாண்டும், அதனால் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஒரு நடையில் ஏற்றாதீர்கள். முழு மரத்தை இழுக்கிறதென்றால் நுனிக்கு ஸ்கிட் கூம்பு மாட்டுங்கள், வேரிலும் கட்டையிலும் முட்டி நிற்காது. இரவில் ஸ்லெட்டை இரண்டு கழிகளின் மேல் ஏற்றி வையுங்கள், தரையோடு விட்டால் காலையில் ஒட்டிக்கொண்டு அசையாது.

வடக்குவாசி:

அக்கா, வழியை உறையவிடுவது எனக்குத் தோன்றவே இல்லை. வண்டியைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வி: ஸ்லெட்டைக் கயிற்றில் கட்டி இழுக்கலாமா? கொட்டகைக்கு வருகிற கடைசிப் பகுதி சற்று இறக்கம்.

ஏரிக்கரை:

கயிறு கூடவே கூடாது. இதற்காகவே லாகின் செய்தேன். மூன்று வருடம் முன்பு நானும் அப்படித்தான் இழுத்தேன், பாப்ளர் கட்டைகள், பாரம் அதிகம்கூட இல்லை. இறக்கத்தில் நான் மெதுவாக்கினேன், ஸ்லெட் மெதுவாகவில்லை. பக்கவாட்டில் வந்து பின்சக்கரத்தில் இடித்தது, வண்டி குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. கால் அடியில் மாட்டிக்கொண்டது. பனி மெத்தையாக இருந்ததால் எலும்பு உடையவில்லை, ஆனால் இருபது நிமிடம் கையால் பனியைத் தோண்டித்தான் காலை எடுத்தேன். தனியாக இருந்தேன், போன் பெட்டிக்குள் இருந்தது.

இரும்புக் குழாயில் விறைப்பான இழுதண்டு செய்து மாட்டுங்கள், இரண்டு முனையிலும் இரும்பு ஊசி (பின்) செருகி. இறக்கம் தொடங்கும் முன்பே லோ கியருக்கு வந்து, இன்ஜினே பிடித்துக்கொண்டு இறங்கட்டும். பெல்ட் வண்டியில் த்ராட்டிலை முழுக்க விட்டால் சில மாடல்கள் தளர்ந்து ஓடும், உங்களுடையது எப்படி என்று வெறும் ஸ்லெட்டோடு முதலில் பாருங்கள். கையேட்டில் இருக்கிற இழுவை எடை சமதரைக்கு. இறக்கத்தில் அதில் பாதிகூட நான் ஏற்றுவதில்லை. போனைச் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஸ்பானர்:

ஏரிக்கரை சொன்னதோடு ஒன்று. ஈரப்பனியில் ஓடிவிட்டு நிறுத்தும் முன், மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை நாலைந்து முறை பிடித்து விடுங்கள், டிஸ்க் காய்ந்துவிடும். பார்க்கிங் பிரேக் பூட்டைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள், காலையில் உறைந்து பிடித்துக்கொள்ளும். பார்க் (P) கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

வடக்குவாசி:

டிராக் எண்ணத்தை விட்டாயிற்று. பின்சக்கரச் செயினும் ஏஜிஎம் பேட்டரியும் ஹீட்டர் பேடும் இன்று ஆர்டர் செய்தேன். இழுதண்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒன்றரை அங்குல இரும்புக் குழாய் கிடக்கிறது, அவரே வெல்டிங்கும் செய்து தருகிறேன் என்கிறார். ஏரிக்கரை அண்ணா, உங்கள் தண்டு எத்தனை அடி? திருப்பத்தில் ஸ்லெட்டின் மூக்கு டயரில் இடிக்காமல் இருக்க எவ்வளவு விட வேண்டும்?

ஏரிக்கரை:

என்னுடையது ஐந்தடி. ஆனால் வெட்டும் முன் வண்டியை ஸ்லெட்டோடு முழுக்கத் திருப்பி நிறுத்தி, டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். செயின் போட்ட பிறகு அளந்துபாருங்கள், சக்கரம் ஒரு அங்குலம் தடித்துவிடும்.