காடி தீர்ப்பு: ஐ.நா. கட்டளையை ஐரோப்பிய நீதிமன்றம் தள்ளலாமா?

உவர்மலைவாசி:
சவூதி வணிகர் யாசின் காடியின் பெயர் 2001இல் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1267ஆம் தீர்மானப் பட்டியலில், அதாவது அல்-கைதா, தாலிபான் தொடர்புள்ளவர்கள் என்று சொல்லப்படுவோரின் பட்டியலில், ஏறியது. ஐரோப்பிய ஒன்றியம் ஒழுங்குவிதி போட்டு அவரது பணத்தை முடக்கியது. ஏனென்று சொல்லவில்லை, முறையிட இடமும் இல்லை. 2008 செப்டெம்பர் 3இல் லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஐ.நா. கட்டளைக்காகப் போட்ட விதியானாலும் அடிப்படை உரிமையை மீறக்கூடாதென்று அதை அவரளவில் இரத்துச் செய்தது. நூற்றுக்கு நூறு சரி.

கொட்டியாரத்தான்:
அண்ணை, நடுவில மாட்டுப்படுற நாடுகளை யோசியுங்கோ. வேறெந்த ஒப்பந்தத்தையும்விட சாசனக் கடமையே மேல் என்று ஐ.நா. சாசனத்தின் 103ஆம் உறுப்புரை சொல்லுது. ஒன்றியத்திலுள்ள சுவீடன் மாதிரி ஒரு நாடு பணத்தை விட்டால் நியூயோர்க்கிலுள்ள ஐ.நா.வுக்குப் பிழை, முடக்கினால் லக்சம்பேர்க்குக்குப் பிழை.

உவர்மலைவாசி:
அதுக்காகத்தான் குறையைத் திருத்த மூன்று மாதம் கொடுத்தது. தம்பி, பட்டியல் என்ன செய்யுமெண்டு நான் கண்ணால கண்டனான். என்ர மச்சான் சம்பளம் எடுக்க வங்கிக்குப் போனவர். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம் மூன்றையும் கண்ணாடிக்குக் கீழால தள்ளினார். அந்தப் பிள்ளை திரையைப் பார்த்து, "பெயர் ஒத்துப்போகுது ஐயா" என்றதோட சரி. எந்தப் பட்டியல், ஆர் போட்டது? ஐந்து கிழமையா ஒருத்தரும் சொல்லேல்லை.

கிண்ணியாச் சட்டத்தரணி:
கேட்கவே கஷ்டமா இருக்கு. ஆனா எங்கட இலங்கையின் சிங்கராசா வழக்கை மறக்காதீங்க. தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்கள வாக்குமூலத்தில் கைநாட்டு வாங்கினாங்க என்று முறையிட்டவர்; 35 வருடச் சிறை. 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அவர் பக்கம் நின்றது. 2006இல் எங்கட உயர் நீதிமன்றமோ, அந்தக் குழுவிடம் முறையிட வழிவிட்ட நெறிமுறையில் சனாதிபதி இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று தள்ளிவிட்டது. எங்கட சட்டம்தான் மேல் என்ற அதே வாதம்!

உவர்மலைவாசி:
அதே வாதமில்லை, நானா. லக்சம்பேர்க்கில, ஒருத்தரும் கேட்காதவனின் பக்கத்தைக் கேட்கச் சொன்னாங்கள். இங்க, ஐ.நா. குழு கேட்டுச் சொன்ன முடிவைத் தூக்கி எறிஞ்சாங்கள்.

கொட்டியாரத்தான்:
அதிகாரத்தைக் கையில எடுத்த நீதிமன்றம் அதை எதுக்குப் பாவிக்குமெண்டு ஆர் பொறுப்பு, அண்ணை?

உவர்மலைவாசி:
ஒருத்தரும் பொறுப்பில்லைத்தான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா காடி தீர்ப்பின் அழுத்தம் இல்லாட்டி 2009 டிசம்பரில் பாதுகாப்புச் சபையின் 1904ஆம் தீர்மானத்தால், பெயரை நீக்கச் சொல்லும் முறையீடுகளைப் பார்க்கும் ஒம்புட்ஸ்மன் பதவி வந்திருக்காது. 2012இல் காடியின் பெயர் நீங்கினது அந்த வழியால.

கிண்ணியாச் சட்டத்தரணி:
அந்த ஒம்புட்ஸ்மன் 1267 பட்டியலுக்கு மட்டும். பயங்கரவாதத்துக்குப் பணம் போறதைத் தடுக்கச் சொல்லும் 1373ஆம் தீர்மானத்தின்படி அரசுகள் தாங்களே போடுற பட்டியலைத் தொட முடியாது. 2014இல் எங்கட வர்த்தமானியில் 424 பேர் வந்தது அப்படித்தான். மச்சான்ட கடிதங்களைத் திகதி வாரியா அடுக்கி எடுத்துக்கொண்டு வாங்க, பார்ப்பம்.