புதுப்பிப்பு: கடவுச்சொல் கேட்காத சாம்பா பகிர்வும் பிரிண்டரும்

லினக்ஸ் கணினியில் சாம்பா (விண்டோஸ் கணினிகளோடு கோப்பும் பிரிண்டரும் பகிர உதவும் மென்பொருள்) வழியாகக் கடவுச்சொல் இல்லாமல் பொதுக் கோப்புறையும் பிரிண்டரும் பகிர்வது எப்படி என்று கேட்டிருந்தேன். உதவியவர்களுக்கு நன்றி, இரண்டும் இப்போது ஓடுகின்றன.

பலித்தது, சாம்பா அமைப்புக் கோப்பின் குளோபல் பகுதியில் ‘மேப் டு கெஸ்ட் = பேட் யூசர்’ (தெரியாத பயனர் பெயரை கெஸ்ட், அதாவது விருந்தினராக ஏற்கச் சொல்லும் வரி) சேர்க்கச் சொன்ன யோசனைதான். பகிர்வில் கெஸ்டை அனுமதிக்கும் ‘கெஸ்ட் ஓகே = யெஸ்’ மட்டும் போதவில்லை; விண்டோஸ் தன் பயனர் பெயரையே அனுப்பிக் கடவுச்சொல் கேட்டு நின்றது. அப்புறம் கோப்புறையின் உரிமையை, கெஸ்டுகளுக்காகச் சாம்பா பயன்படுத்தும் ‘நோபடி’ பயனருக்கு மாற்றியதும் எழுதவும் முடிந்தது.

எதிர்பாராதது விண்டோஸ் 11 ப்ரோ. 24எச்2 பதிப்பில் எஸ்எம்பி (சாம்பாவும் விண்டோஸும் பயன்படுத்தும் பகிர்வு நெறிமுறை) கையொப்பம், அதாவது செய்திகள் வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் முறை, இயல்பாகவே கட்டாயம். கெஸ்ட் இணைப்பில் அது நடக்காது. விண்டோஸின் குரூப் பாலிசி அமைப்புகளில் அந்தக் கட்டாயத்தை நீக்கி, பாதுகாப்பற்ற கெஸ்ட் லாகானையும் அனுமதிக்க வேண்டியிருந்தது. வீட்டு நெட்வொர்க்குக்குச் சரி, பலர் வந்துபோகும் இடத்தில் நான் செய்ய மாட்டேன்.

பிரிண்டரைச் சாம்பாவில் சேர்க்கவே இல்லை. லினக்ஸின் அச்சிடும் சேவையான கப்ஸில் பகிர்வை இயக்கி, 631 போர்ட்டில் ஐபிபி (நெட்வொர்க் வழி அச்சிடும் நெறிமுறை) பிரிண்டராக இணைத்தேன்.