கட்டடக்கலை கோடை அறிமுக வகுப்பு: வடசென்னையிலிருந்து சென்றவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

தண்டையார்பேட்டை மாணவி:

பொதுத்தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் பலர் இந்த வகுப்புகளைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட இங்கே எழுதுவது நல்லது என்று தோன்றியது. சென்று வந்த மற்றவர்களும் தொடர்ந்து எழுத வேண்டும்.

நான் இப்போது பி.ஆர்க் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 11 ஆம் வகுப்பு முடிந்த மே மாதத்தில், இளம் கட்டடக்கலைஞர்கள் சிலர் ராயபுரத்தில் ஒரு பள்ளியின் இரண்டு அறைகளைக் கேட்டு வாங்கி நடத்திய மூன்று வார வகுப்பில் சேர்ந்தேன். எங்கள் தெருவில் சிவில் என்ஜினியர் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கட்டடக்கலை என்று தனியாக ஐந்து ஆண்டுப் படிப்பு இருக்கிறது என்பதும், அதை முடித்துக் கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்துகொண்டவரே 1972 ஆம் ஆண்டுச் சட்டப்படி தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியும் என்பதும் எனக்கு அங்கேதான் தெரிய வந்தன.

முதல் நாள் யாரும் எங்களைப் படம் வரையச் சொல்லவில்லை. ராயபுரம் ரயில் நிலையத்துக்கு எதிரே அழைத்துச் சென்று அரை மணி நேரம் பார்க்கச் சொன்னார்கள். 1856 இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் அந்த நிலையத்திலிருந்துதான் வாலாஜாவை நோக்கிப் புறப்பட்டது. வகுப்புக்குத் திரும்பியதும், முகப்பில் தூண்கள் எத்தனை என்று பாடம் நடத்திய அக்கா கேட்டார். தினமும் அந்த வழியாகப் பள்ளிக்குப் போய் வந்த எங்களில் ஒருவர் சொன்ன எண்ணிக்கையும் இன்னொருவருடையதோடு ஒத்துப்போகவில்லை. மறுநாள் எங்கள் உடம்பையே அளந்தோம்: ஒரு சாண் எத்தனை சென்டிமீட்டர், ஓர் எட்டு நடந்தால் எவ்வளவு தூரம், நிற்கும்போது கண் எந்த உயரத்தில் இருக்கிறது. அந்த எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன். அளவுநாடா இல்லாத இடங்களில் இன்றைக்கும் அவற்றையே நம்பி அளக்கிறேன்.

இரண்டாம் வாரத்தில் அவரவர் வீட்டை அளந்து 1:50 அளவில் வரையச் சொன்னார்கள். மூன்று மீட்டர் அறை தாளில் ஆறு சென்டிமீட்டராகிவிடும். எங்கள் வீடு குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் மேல்மாடியில் இருக்கிறது. ஓர் அறை, ஒரு சமையலறை. தரைப்படம், அதாவது பிளான், கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வீட்டைக் கத்தியால் நெட்டுக்கு வெட்டி உள்ளே பார்ப்பது போல வரையும் வெட்டுப்படத்துக்கு மட்டும் நான்கு நாட்கள் ஆயின. மின்விசிறி எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது, பரண் எங்கே தொடங்குகிறது, ஜன்னலின் மேல்விளிம்புக்கும் கூரைக்கும் இடையில் எவ்வளவு சுவர் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஸ்டூல் போட்டு ஏறி அளந்தேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் ஜன்னல் கிழக்கே கடலைப் பார்த்து இருக்கிறது. மே மாதப் பிற்பகலில் கடற்காற்று ஜன்னல் வரைக்கும் வருகிறது, ஆனால் அறைக்குள் நுழைவதில்லை. காற்று உள்ளே வர வேண்டுமென்றால் அது வெளியேறவும் ஒரு வழி வேண்டும். நடைபாதையில் ஆட்கள் போய் வருவதால் அம்மா கதவை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார். கதவுக்கு மேலே ஏழடி உயரத்தில் ஒரு காற்றுத்துளை இருக்க வேண்டும் என்று வரைந்து, அப்பாவிடம் காட்டினேன். அவர் ஸ்டூலில் ஏறிப் பரணில் இருந்த பெட்டிகளை நகர்த்தினார். துளை அங்கே ஏற்கெனவே இருந்தது. கொசுவுக்குப் பயந்து, நான் பிறப்பதற்கு முன்பே அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். அட்டையை எடுத்துவிட்டுக் கொசுவலை அடித்தோம். அன்று மாலையே அம்மா சமையலறையிலிருந்து வந்து அறையின் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

வியாசர்பாடி மேஸ்திரி:

என் மகன் அதே வகுப்பில் அடுத்த ஆண்டு சேர்ந்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொத்தனார் வேலையில் இருக்கிறேன். என் தந்தையும் இதே தொழில்தான். ஜார்ஜ் டவுனில் பழைய மச்சு வீடுகளின் தளங்களைப் பழுது பார்ப்பதில் அவர் கைதேர்ந்தவர். மகன் இதை வகுப்பில் சொல்லியிருக்கிறான். மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு போடும் அந்தத் தளத்துக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். அதை எப்படிப் போடுவது என்று பிள்ளைகளுக்குச் செய்து காட்ட முடியுமா என்று கேட்டு வகுப்பு நடத்துபவர்கள் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

பள்ளி முற்றத்தில் மூன்றடிக்கு மூன்றடி மாதிரி ஒன்று செய்தோம். உத்தரத்துக்குத் தேக்குக்குப் பதிலாகச் சவுக்குக் கட்டைகளை வைத்துக்கொண்டோம். ஓர் அங்குலத் தடிமனும் மூன்று அங்குல அகலமும் ஆறு அங்குல நீளமும் உள்ள சிறிய செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் தோய்த்து, கட்டைகளின் மேல் நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் வரிசையாக ஒட்டிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் மேல் சாய்ந்து பிடித்துக்கொள்வதால் அடியில் பலகை அடைப்பு தேவையில்லை. அது காய்ந்த பிறகு செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அதற்கு மேல் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு, பதிப்பது கடைசி வேலை. எங்கள் பாட்டிமார் வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே அடித்த வேலை அது.

பிள்ளைகள் அவரவர் கையால் கல் ஒட்டினார்கள். சுண்ணாம்பு கையைப் புண்ணாக்கும் என்பதால் முதலிலேயே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் செய்தேன். ஒரு பெண், ஏன் நேராக ஒட்டாமல் மூலைவாட்டில் ஒட்டுகிறோம் என்று கேட்டாள். நேராக ஒட்டினால் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவில் உள்ள இணைப்பு கட்டைக்கு இணையாக ஓடி, அந்தக் கோட்டிலேயே தளம் விட்டுப்போகும் என்று கையால் காட்டினேன். அவள் அதை அங்கேயே படமாக வரைந்துகொண்டாள். பிற்பகலில், அந்தச் சுண்ணாம்புத் தளத்தின் அடியிலும் பக்கத்தில் இருந்த கான்கிரீட் தளத்தின் அடியிலும் கை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் வீட்டுக்குள் கக்குகிறது என்பது மேல்மாடியில் படுப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று அந்தப் பிள்ளைகள் அதைக் கையால் தெரிந்துகொண்டார்கள்.

முப்பது ஆண்டுகளாக யாரோ வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்துத்தான் சுவர் எழுப்பியிருக்கிறேன். படம் வரைபவர் ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து, இது ஏன் இப்படி என்று கேட்டு, நான் சொன்னதை எழுதிக்கொண்டது அந்த ஒரு நாளில்தான். என் மகன் கட்டடக்கலை படிக்க வேண்டும் என்று நான் ஆசைப்படத் தொடங்கியதும் அன்றுதான்.

பெரம்பூர் வாசகர்:

என் அனுபவம் வேறு மாதிரியானது. கோடை அறிமுக வகுப்பு என்ற பெயரில் ஒரு பயிற்சி நிலையம் நடத்தியதில் பணம் கட்டிச் சேர்ந்தேன். ஆறு வாரமும், கட்டடக்கலைப் படிப்பில் சேர எழுதும் நாட்டா நுழைவுத் தேர்வின் பழைய கேள்விகளைத் தவிர வேறு எதுவும் சொல்லித் தரவில்லை. தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் 12 ஆம் வகுப்பு மதிப்பெண்ணும் நாட்டா மதிப்பெண்ணும் சரிபாதியாகச் சேர்கின்றன என்பதால் அந்தப் பயிற்சியும் தேவைதான். ஆனால் ஐந்து ஆண்டுகள் இரவு விழித்து அட்டையில் கட்டட மாடல் வெட்டும் வாழ்க்கை எனக்கு ஒத்து வருமா என்பதை அங்கே தெரிந்துகொள்ள வழியில்லை. பிறகு ராயபுரம் வகுப்பின் கடைசி வாரத்தில் சேர அனுமதித்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் நம் வேலையை மாட்டிவைத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஜூரியில் நின்றபோது, என் மனம் வீட்டின் அமைப்பைவிட அதைத் தாங்கும் உத்தரத்தின் கணக்கிலேயே போகிறது என்று கண்டுகொண்டேன். சிவில் படிப்பில் சேர்ந்தேன். அதில் எனக்கு முழு மனநிறைவு. பணம் கட்டும் முன்பு, வகுப்பு எத்தனை நாள் வெளியே நடக்கும், கடைசியில் ஜூரி உண்டா, பாடம் நடத்துபவர்கள் கட்டடம் கட்டியவர்களா என்று பெற்றோர் கேட்டுப் பார்க்க வேண்டும்.

திருவொற்றியூர், 10 ஆம் வகுப்பு முடித்தவள்:

எனக்குப் படம் வரைய வராது. இந்த வகுப்பில் சேரலாமா, அக்கா?

தண்டையார்பேட்டை மாணவி:

தாராளமாகச் சேரலாம், தங்கையே. கோடு நேராக வருவதற்குப் பயிற்சி போதும். மூன்று வாரத்தில் யாருக்கும் வந்துவிடுகிறது. நீ இருக்கும் ஊரிலேயே பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. தியாகராசர் கோயிலில் ஆதிபுரீஸ்வரர் சந்நிதியை ஒருமுறை மெதுவாகச் சுற்றி வா. பின்புறச் சுவர் சதுரமாக முடியாமல், படுத்திருக்கும் யானையின் முதுகு போல வளைந்து வரும். தூங்கானை மாடம் என்பார்கள். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் சதுரானன பண்டிதர் சொற்படி அந்தக் கருங்கல் விமானத்தைக் கட்டியவர் இரவி என்னும் வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டே சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பு கட்டியவரின் பெயர் உன் ஊர்க் கல்லில் இருப்பதை எங்கள் வகுப்பில் சொன்னபோது, எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. சுற்றும்போது நேர்ச்சுவருக்கு எத்தனை எட்டு, வளைவுக்கு எத்தனை எட்டு என்று எண்ணி, வீட்டுக்கு வந்து வரைந்து பார். வளைவு தாளில் சரியாக வராது. ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டு வகுப்புக்குப் போ.

பொருட்களுக்கு அதிகம் செலவு செய்ய வேண்டாம். 2பி, 4பி பென்சில்கள், ஐந்து மீட்டர் அளவுநாடா, இரும்பு ஸ்கேல், கட்டர், ஃபெவிகால் இவை போதும். மாடல் செய்ய மவுண்ட் போர்டு விலை அதிகம். வீட்டில் சேர்ந்திருக்கும் கல்யாணப் பத்திரிகைகளின் தடித்த அட்டை முதல் வாரத்துக்குத் தாராளமாகப் போதும். அது தீர்ந்தால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கடைக்குக் கடை விலை கேட்டுவிட்டு வாங்கு.