[கலைச்சொல்] உடல் பழையது, உள் புதியது: வேலைச்சீட்டுக்கு இரண்டு சொல் தேவை

குரோம்பேட்டையிலிருந்து, திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம்.

வரும் சனிக்கிழமை பழைய மடிக்கணினிகளைப் பிரித்துச் சரிசெய்யும் பயிற்சி. கையேடு நான்கு பக்கம், இயந்திரத்துக்கு ஒன்றாக வேலைச்சீட்டு. புதன் மாலைக்குள் திருவல்லிக்கேணி அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இரண்டு சொற்களுக்காகக் காத்துக் கிடக்கிறது.

வேலை இரண்டு வகை. முதல் வகையில் இயந்திரம் எப்படிப் பிறந்ததோ அப்படியே ஓட வேண்டும். கசிந்த மின்தேக்கியை (கெபாசிட்டரை) மாற்றலாம், பேட்டரிக்குள் செல் மாற்றலாம். தாய்ப்பலகையும் (மதர்போர்டு) திரையும் அதனுடையவையே. இரண்டாம் வகையில் கூடு, விசைப்பலகை, கீல் மட்டும் பழையவை. உள்ளே புதுத் தாய்ப்பலகை. திங்க்பேட் எக்ஸ்61 உடலில் எக்ஸ்62, எக்ஸ்201 உடலில் எக்ஸ்210 என்று சீனத்து 51என்பி என்ற இணையக் குழுவின் ஆர்வலர்கள் செய்த பலகைகளைச் சொல்கிறேன். முன்னதில் ஐந்தாம் தலைமுறை இன்டெல் செயலி, பின்னதில் எட்டாம் தலைமுறை.

வரைவில் இரண்டுக்கும் ‘புதுப்பித்தல்’ என்றே போட்டிருக்கிறது. அழகுக்காக மாற்றச் சொல்லவில்லை. சீட்டில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் பழைய வன்வட்டைக் கழற்றிக் கழிவுப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அந்த மாடலுக்கே உரிய டிரைவரெல்லாம் அதில்தான் இருக்கும். கை வைக்கும் முன் வட்டை முழுதாகப் படியெடுக்க வேண்டும். எது தங்கும், எது போகும் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். சீட்டின் கட்டத்தில் அடங்குகிற நீளம் போதும்.

அன்புடன்.


மயிலாப்பூரிலிருந்து, திங்கள் முற்பகல்

அன்பரே,

புதுப்பி, புதுக்கு என இரண்டு வினைகள் நம்மிடம் உள்ளன. உரிமத்தையும் சந்தாவையும் ‘புதுப்பி’த்துப் புதுப்பித்து அந்தச் சொல் தேய்ந்துவிட்டது. ‘புதுக்கு’ இன்னும் கை படாமல் இருக்கிறது. இடிந்த கோயிலைப் புதுக்குவது என்றால் கல்லை மாற்றாமல் எடுத்துக் கட்டுவது. ஆக முதல் வகைக்குப் புதுக்கல்.

இரண்டாவதற்குச் சொல் தேடி அலையவே வேண்டாம். கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று சித்தர் மரபு முன்பே பெயரிட்டுவிட்டது. சாத்தனூரில் மாடு மேய்த்த மூலன் இறந்து கிடக்க, பசுக்கள் கதறுவது பொறாமல் கயிலையிலிருந்து வந்த யோகி அந்த உடலுக்குள் புகுந்து திருமூலர் ஆனார். எக்ஸ்61 மூலன், எக்ஸ்62 யோகி. உடல் பழையது, உள்ளே வந்தது வேறு. இம்மியும் பிசகாத பொருத்தம்.

ஒரே ஒரு இலக்கணத் திருத்தம். பாய்தல் தன்வினை. பலகை தானாகப் பாயாது, நாம்தான் பாய்ச்ச வேண்டும். எனவே கூடுபாய்ச்சல்.


பெரம்பூரிலிருந்து, திங்கள் மதியம்

ஐயா, கதை அருமை. ஆனால் பட்டறையில் ‘பாய்ச்சு’ என்றால் ஒரே பொருள்தான்: மின்சாரம் பாய்ச்சுவது. பலகையில் எங்கே ஷார்ட் என்று கண்டுபிடிக்க, மின்வழங்கியில் ஒரு வோல்ட் அளவில் வைத்து, ஆம்பியரைக் கட்டுப்படுத்தி, அந்தத் தடத்தில் பாய்ச்சுவோம். எந்தப் பாகம் சுடுகிறதோ அது குற்றவாளி. ‘கூடுபாய்ச்சல்’ என்று அச்சடித்தால் ஒருவன் கூட்டுக்கு மின்சாரம் கொடுப்பான். பழைய கூடு பலவற்றின் உட்பக்கம் உலோகப் பூச்சு, அது தரையோடு இணைந்தது. சனிக்கிழமை முதல் மணி நேரத்திலேயே புகை வரும்.

ரிச்சி தெருவில் ‘போர்டு மாத்து’ என்கிறார்கள். சொன்னால் புரிகிறது. அதையே போட்டால் என்ன?


அடையாறிலிருந்து, திங்கள் மாலை

வணக்கம். ‘போர்டு மாத்து’ என்றால் அதே மாடலின் இன்னொரு பலகையை வைப்பதும்தானே? எக்ஸ்61க்கு வேறொரு எக்ஸ்61 பலகை வைத்தால் அது முதல் வகை. பெரம்பூர் ஐயா அதை எந்தக் கட்டத்தில் குறிப்பார்?

உயிர், மெய் என்று எழுத்திலேயே இரண்டு வைத்திருக்கிறோமே. முதல் வகை மெய்காப்பு, இரண்டாவது உயிர்மாற்று. பள்ளிப் பிள்ளைகளுக்கும் சட்டென்று பிடிபடும்.


வேளச்சேரியிலிருந்து, திங்கள் இரவு

மெய்காப்பு என்றால் மெய்காப்பாளர்தான் நினைவுக்கு வருகிறார், டீச்சர். உயிர்மாற்று நன்றாக இருக்கிறது, ஆனால் பேட்டரி மாற்றுவதைத்தான் எல்லோரும் அப்படி நினைப்பார்கள். ‘போன் உயிர் போச்சு’ என்றால் சார்ஜ் தீர்ந்தது என்றுதானே பொருள்?

மென்பொருள் தமிழாக்கத்தில் ‘மீட்டமை’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் பொத்தான் அது. ஆகவே மீட்டமை வேண்டாம், ‘மீட்பு’ இருக்கலாம். முதல் வகைக்கு ‘மூல மீட்பு’?

இன்னொன்று. வன்வட்டை எடுத்துவிட்டு காம்பாக்ட் ஃபிளாஷ் என்ற நினைவக அட்டை போட்டால் அது எந்த வகை? கையேட்டில் இது இல்லை. பாதிப் பேர் செய்யப்போவது இதைத்தான்.


பெரம்பூரிலிருந்து, திங்கள் இரவு

மூல மீட்பா! ‘மூலம், பவுத்திரம்’ என்று மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஒட்டியிருக்கும் ஊரில் இந்தச் சொல்லோடு சீட்டு அச்சடிக்க வேண்டாம் தம்பி.

அட்டை விஷயம். பழைய 2.5 அங்குல வட்டுக்கு 44 முள், 2 மில்லிமீட்டர் இடைவெளி. காம்பாக்ட் ஃபிளாஷ் தானாகவே ஐடிஇ (பழைய வட்டுகளின் இணைப்பு முறை) பேசும் என்பதால் நடுவிலிருக்கும் அடாப்டரில் மூளை எதுவும் கிடையாது, வெறும் கம்பித்தடம்தான். ஆனால் 1990களின் முதல் பாதி இயந்திரம் என்றால் பயாஸ் (இயந்திரத்தை எழுப்பும் அடிப்படை நிரல்) 1024 உருளை, 16 தலை, 63 பிரிவுக்கு மேல் எண்ணாது. பிரிவுக்கு 512 பைட் என்று பெருக்கினால் 52,84,82,304 பைட். அதற்கு மேல் உள்ள அட்டை போட்டால் சில இயந்திரம் மீதியைக் கண்டுகொள்ளாது, சில தொடக்கத்திலேயே உறைந்து நிற்கும். 512 எம்பி என்று விற்கிற அட்டை பெரும்பாலும் இதற்குள் அடங்கும். அட்டை தன்னை ‘நிலையான வட்டு’ என்று சொல்லிக்கொள்கிறதா, ‘கழற்றக்கூடியது’ என்கிறதா என்றும் பாருங்கள். கழற்றக்கூடியது என்றால் விண்டோஸ் நிறுவும்போது மல்லுக்கட்டும்.

வகை என்னவென்றால், என் கணக்கில் முதல் வகைதான். நான்கு திருகைக் கழற்றினால் பழைய வட்டு திரும்ப உட்காரும். அரம் படவில்லை. எக்ஸ்210 மாதிரி வேலையில் உள்பக்க விலாவைச் சீவுகிறோம். சீவியது திரும்ப முளைக்காது.


அடையாறிலிருந்து, செவ்வாய் காலை

அப்படியானால் மின்தேக்கி மாற்றுவது? அதையும் திரும்பப் பழையபடி ஆக்க முடியாதே.


பெரம்பூரிலிருந்து, செவ்வாய் காலை

மின்தேக்கி தேய்கிற பொருள் அம்மா, சைக்கிளுக்கு டயர் மாதிரி. அதை விட்டுவைத்தால்தான் அசல் அழியும். 1980களின் கடைசி, 1990களின் தொடக்கத்தில் வந்த பரப்பில் ஒட்டும் அலுமினிய மின்தேக்கிகளின் திரவம் காரத்தன்மை உடையது. ரப்பர் அடைப்பு வழியாகக் கசிந்து செப்புத் தடத்தைத் தின்னும். அறிகுறி: பற்றாசு (சால்டர்) மங்கிச் சாம்பல் நிறமாகும், பற்றவைப்புக் கோலை வைத்தால் உருகாமல் அடம்பிடிக்கும், சூடு பட்டதும் மீன் வாடை வரும்.

கையேட்டில் செய்முறை குறைவாக இருக்கிறது, இதைச் சேருங்கள். முதலில் புது ஈயப் பற்றாசை மேலே பூசிப் பழையதோடு கலக்க விட வேண்டும். 63/37 வெள்ளீய-ஈயக் கலவை 183 டிகிரியில் உருகும், கோலை 350 அளவில் வைத்தால் போதும். இரண்டு கோல் இருந்தால் இரு காலையும் ஒரே நேரத்தில் சூடாக்கித் தூக்குங்கள். இடுக்கியால் திருகிப் பிடுங்குவதைப் படக்காட்சிகளில் பார்த்துவிட்டு வருவார்கள். கசிவால் பிடிப்பு போன இடத்தில் திருகினால் செப்புத் திட்டே உரிந்து கையோடு வரும். எடுத்தபின் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவ வேண்டும்.

முக்கியமானது இது. அலுமினிய மின்தேக்கியில் கறுப்புப் பட்டை கழித்தல் பக்கம். அதற்குப் பதில் டான்டலம் மின்தேக்கி போட்டால் அதில் கோடு கூட்டல் பக்கம். இரண்டும் நேர் எதிர். வரைவின் மூன்றாம் பக்கத்தில் ‘கோடு உள்ள பக்கத்தைக் கழித்தலோடு பொருத்தவும்’ என்று மொட்டையாக இருக்கிறது. டான்டலத்தை மாற்றிப் போட்டால் தீப்பிடிக்கும். சொல்லாராய்ச்சிக்கு நடுவில் இதை மறந்துவிடாதீர்கள்.


மயிலாப்பூரிலிருந்து, செவ்வாய் முற்பகல்

‘அரம் படவில்லை’ என்பது நல்ல இலக்கணம். ஒப்புக்கொள்கிறேன். பாய்ச்சலை விட்டுவிட்டேன், பாய்தலை விடவில்லை.

இதற்கிடையே யாரும் கவனிக்காத ஒன்று. வரைவில் ஓரிடத்தில் ‘மடிகணினி’, மற்ற இடங்களில் ‘மடிக்கணினி’. அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள், இரண்டும் வேறு சொற்கள். மடியில் வைப்பது மடிக்கணினி, அங்கே வல்லினம் மிகும். மடிகின்ற, மடிந்த, மடியும் கணினி என்று விரிந்தால் வினைத்தொகை, அங்கே மிகாது. 1989இன் மெக்கின்டாஷ் போர்ட்டபிள் ஏழு கிலோவுக்கு மேல். மடிகணினிதான், எந்த மடியும் தாங்காது. 1983இன் டிஆர்எஸ்-80 மாடல் 100 பலகை போல் தட்டையானது. மடியில் உட்காரும், மடியாது. ஒரு ‘க்’ வைத்து இரண்டையும் பிரிக்கும் மொழி வேறு எங்கே இருக்கிறது?


வேளச்சேரியிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா, இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன், ஆனால் மறுக்க முடியவில்லை. 1995இன் திங்க்பேட் 701சியில் விசைப்பலகையே இரண்டாகப் பிரிந்து மடங்குகிறது. அதை எங்கே வைப்பது?

701சி வந்ததால் ஒரு குறிப்பு: அதன் ரப்பர் பூச்சு ஈரப்பதத்தில் சிதைந்து பிசுபிசுக்கும். சென்னைக் காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் முழுதும் துடைத்து எடுக்கலாம், ஆனால் பூச்சு போனால் அசல் தோற்றமும் போகும். முதல் வகைக்காரர்கள் இதை யோசித்துச் செய்ய வேண்டும்.

திரைப் பகுதியில் ‘வினிகர் நோய்’ என்று எழுதியிருக்கிறது. திரைமேல் ஒட்டியிருக்கும் துருவமுனைப்புப் படலத்தின் (போலரைசர்) அசிட்டேட் சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளிவருவது. மூடியைத் திறந்ததும் புளித்த வாடை, ஓரத்தில் குமிழி, பிறகு வெடிப்பு. ‘காடி நோய்’ எனலாமா?


அடையாறிலிருந்து, செவ்வாய் மதியம்

தமிழ் விவிலியம் படிப்பவர்களுக்குக் காடி தெரியும். மற்றவர்கள் மாட்டுக் காடியைத்தான் நினைப்பார்கள். வினிகர் இருக்கட்டும், மூக்கால் கண்டுபிடிக்க வேண்டிய நோய்க்கு மூக்குக்குத் தெரிந்த பெயர்தான் வேண்டும். சிதைந்த படலத்தை உரித்துவிட்டுப் புதியது ஒட்டும்போது கோணம் மாறக்கூடாது என்பதையும் சேர்க்கவும். ஒட்டுமுன் படலத்தைத் திரைமேல் பிடித்து, திரையை எரியவிட்டுச் சுழற்றிப் பார்த்து, எழுத்து தெளியும் கோணத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். தொண்ணூறு டிகிரி பிசகினால் கறுப்பு வெள்ளையாகும்.

சொல்லுக்கு வருவோம். ‘உள்மாற்று’. மாறுவது உள், எனவே தங்குவது கூடு. ஐந்தெழுத்து.


குரோம்பேட்டையிலிருந்து, செவ்வாய் இரவு

உள்மாற்று எனக்குச் சம்மதம். முதல் வகைக்கு ‘உள்ளபடி மீட்பு’ என்று போட்டு மாதிரிச் சீட்டு எடுத்துப் பார்த்தேன்.


பெரம்பூரிலிருந்து, செவ்வாய் இரவு

அடுத்தடுத்த கட்டத்தில் ‘உள்ளபடி’, ‘உள்மாற்று’. பற்றவைப்புப் பசை (ஃபிளக்ஸ்) ஒட்டிய விரலோடு அவசரத்தில் டிக் போடுகிறவர் முதல் எழுத்தைத்தான் பார்ப்பார். எந்தக் குழப்பத்துக்குச் சொல் தேடினோமோ அது அப்படியே இருக்கும். ‘அசல் மீட்பு’ என்று வையுங்கள்.


மயிலாப்பூரிலிருந்து, செவ்வாய் இரவு

அசல் அரபுச் சொல்.


பெரம்பூரிலிருந்து, செவ்வாய் இரவு

அசலும் வட்டியும் கட்டுகிறவனுக்கு அது தெரியாது ஐயா.


வேளச்சேரியிலிருந்து, செவ்வாய் இரவு

நன்னூலின் ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ நூற்பாவை இதுவரை யாரும் இழுக்காததே பெரிய விஷயம். நானே இழுத்து முடிக்கிறேன்: இங்கே புதியன புக வேண்டும், பழையன கழியக்கூடாது, பவணந்தி உதவமாட்டார். அசல் மீட்பு, உள்மாற்று இரண்டுக்கும் என் வாக்கு.


குரோம்பேட்டையிலிருந்து, புதன் காலை

மூன்று பேர் ஆதரவு, ஒருவர் மறுப்பு, மற்றவர்கள் மௌனம். அசல் மீட்பு, உள்மாற்று என்று கோப்பு மதியம் அச்சகம் போகிறது. சீட்டில் ‘அரம் பட்டதா? ஆம் / இல்லை’ என்று தனி வரி சேர்த்திருக்கிறேன். ஆம் என்றால் அது உள்மாற்று. காம்பாக்ட் ஃபிளாஷ் அசல் மீட்பில் அடங்கும், பழைய வட்டைப் பெயர் எழுதி உறையில் போட்டு இயந்திரத்தோடு கட்டித்தர வேண்டும். ‘மடிகணினி’யைத் திருத்திவிட்டேன், மன்னிக்கவும் ஐயா.


மயிலாப்பூரிலிருந்து, புதன் முற்பகல்

திருத்தியதைப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் உள்மாற்றைப் பொறுக்க முடியாது. நாள் + மீன் நாண்மீன். முள் + முடி முண்முடி. அவ்வழியே உள் + மாற்று உண்மாற்று என்றுதான் புணரும். அச்சேறும் முன் சரிசெய்க.


அடையாறிலிருந்து, புதன் முற்பகல்

உண்மாற்று என்றால் மதியச் சாப்பாட்டுக்கு மாற்று ஏற்பாடு என்று நினைப்பார்கள். இன்று எல்லோரும் முள்முடி என்றுதானே எழுதுகிறோம்?


மயிலாப்பூரிலிருந்து, புதன் மதியம்

எல்லோரும் எழுதுவதால் அது சரியாகிவிடாது. என் மறுப்பு பதிவாகட்டும். கூடுபாய்தல் என்ற பரிந்துரையும் நிலுவையில் இருக்கட்டும்.


பெரம்பூரிலிருந்து, புதன் மதியம்

டான்டலம் கோடு திருத்தியாயிற்றா?