குரோன் (நாள்பட்ட குடல் அழற்சி நோய்) அடங்கியும் வலி விடவில்லை; விஆர் (கண்ணில் மாட்டும் மெய்நிகர் காட்சி) சிகிச்சை யாராவது செய்து பார்த்தீர்களா?

அடிவயிறு:
மலத்தில் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் சரியாக இருக்கிறது, கொலனோஸ்கோபியிலும் (பெருங்குடலைக் கேமராவால் பார்ப்பது) புண் இல்லை. "நோய் அடங்கிவிட்டது" என்கிறார் மருத்துவர். வயிற்றுக்கு அது தெரியவில்லை போல. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தொப்புளுக்கு வலது கீழ்ப்பக்கம் முறுக்கத் தொடங்கும். இடுப்புப் பட்டை உரசினாலே எரிச்சல். ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் குடலைத் திரும்பக் கிளறிவிடலாம் என்பதால் தொடுவதில்லை. விஆர் ஹெட்செட் மாட்டிப் பயிற்சி செய்யலாம் என்றார் மருத்துவர். வலி மனசில்தான் என்பதை நாகரிகமாகச் சொல்கிறாரோ என்று கடுப்பாகிவிட்டது.

மெதுநடை:
எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலில் புண் வரும் அழற்சி நோய். கடுப்பு புரிகிறது, ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. குடல் பல மாதம் வெந்து கிடந்தால் அங்குள்ள நரம்புகள் கூருணர்வோடே நின்றுவிடலாம். புண் ஆறிய பிறகும் சாதாரண வாயு நகர்வே வலியாக மூளைக்குப் போகும். வலி நிஜம்தான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தீக்காயக்காரர்களுக்குப் பனிப்பந்து எறியும் விஆர் விளையாட்டைக் கொடுத்துத்தான் இந்த வலி ஆராய்ச்சி சூடு பிடித்தது. அது கவனத்தைத் திருப்புவது. நமக்கு அது மட்டும் போதாது, கழற்றியதும் வலி திரும்பிவிடும்.

எனக்கு உதவியது விஆர் பயிற்சியின் மூச்சுப் பகுதி. ஹெட்செட்டில் எதிரில் ஒரு மரம். மூச்சை நீட்டி விட விட இலை துளிர்க்கும். அவசரப்பட்டால் துளிர்க்காது. வயிற்றை இறுக்கிப் பிடித்தே வாழ்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது முறுக்கு வரும்போது ஹெட்செட் இல்லாமலே அந்த மூச்சு வருகிறது. வலி போகவில்லை, என்னை ஆட்டிவைப்பது குறைந்தது.

சாப்பிட்ட உடனே மாட்டாதீர்கள், குமட்டும். பறக்கும், ஓடும் காட்சிகள் வேண்டவே வேண்டாம். அப்புறம், கழிப்பறைப் பக்கமாக உட்காருங்கள். நம் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்!

கறார்கண்ணன்:
கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2021இல் அனுமதித்த விஆர் கருவி நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கானது, குடல் நோய்க்கு அல்ல. குடலுக்கு இதுவரை சின்னச் சின்ன ஆய்வுகள்தான். காசு போட்டு வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் வாங்கிப் பாருங்கள். வலிப்பு நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் மாட்டக்கூடாது.

அதைவிட முக்கியம்: சாப்பிட்டதும் வலது கீழ்ப்பக்கம் முறுக்கு என்றால் சிறுகுடல் சுருக்கமாகவும் இருக்கலாம். கொலனோஸ்கோபி சிறுகுடலின் கடைசித் துண்டைத்தான் எட்டிப் பார்க்கும். எம்ஆர் என்டரோகிராஃபி (சிறுகுடலைப் பார்க்கும் எம்ஆர்ஐ ஸ்கேன்) எடுத்தார்களா? வயிறு உப்பி, வாந்தி வந்து, வாயுவும் பிரியவில்லை என்றால் நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

அடிவயிறு:
என்டரோகிராஃபி நோய் கண்டுபிடித்த புதிதில் எடுத்தது, அதற்கப்புறம் இல்லை. அடுத்த முறை முதலில் இதைத்தான் கேட்கப்போகிறேன். மெதுநடை, அந்த மரம் வரும் செயலியின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அக்கா மகனிடம் ஒரு ஹெட்செட் சும்மா கிடக்கிறது.